லண்டன் பெரியம்மாவின் பெஞ்சுகள்

(எங்கள் குடும்பக் குழு அரட்டை. லண்டன் அக்கா பெரியம்மாவின் மகள். “அம்மா” என்ற பெயரில் எழுதுவது என் அம்மா, பெரியம்மாவின் தங்கை. மாமா அவர்களின் தம்பி, அத்தை மாமாவின் மனைவி.)

வியாழன்

லண்டன் அக்கா: அம்மா, எங்கே இருக்கிறாய்? நாலு முறை கூப்பிட்டுவிட்டேன்.

லண்டன் அக்கா: சித்தி, மாமா, யாரிடமாவது அம்மா பேசினாளா? பத்தரைக்குக் கிளம்பியவள். இங்கே மணி நாலாகப் போகிறது.

அம்மா: எனக்கு எதுவும் வரவில்லையே. அங்கே மழையா?

மாமா: அக்கா தொலைகிற ஆளா? அவளைத் தேடிப் போகிறவர்கள்தான் தொலைவார்கள்.

அத்தை: நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்.

பெரியம்மா: இருக்கிறேன், இருக்கிறேன். போன் பைக்குள், பை மடியில், மடிமேல் ஈரக் குடை. எப்படி எடுப்பது? இப்போது கேம்டன் டவுனில் நிற்கிறேன்.

லண்டன் அக்கா: கேம்டனில் ஏன் இறங்கினாய்? 88-ஆம் எண் பேருந்து நேராக நம் வீட்டுப் பக்கத்துப் பார்லிமென்ட் ஹில் வரைக்கும் வருமே.

பெரியம்மா: நான் எங்கே இறங்கினேன், இறக்கிவிட்டார்கள். பேருந்து பாதி வழி வந்ததும் அந்தப் பதிவுக் குரல் ஆரம்பித்தது. “இந்தப் பேருந்து போகுமிடம் மாறிவிட்டது, அடுத்த அறிவிப்பைக் கவனிக்கவும்” என்று. அடுத்த அறிவிப்பு வரவே இல்லை. எல்லோரும் எழுந்து இறங்கினார்கள், நானும் இறங்கினேன்.

மாமா: மாறிவிட்டது என்றால் எங்கே என்று சொல்ல வேண்டாமா?

பெரியம்மா: அதைத்தான் ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன். “இதோடு சரி, லவ். பின்னாலேயே அடுத்தது வரும்” என்றார்.

அத்தை: என்னது? லவ்வா?

பெரியம்மா: பதறாதே. இங்கே பேருந்து ஓட்டுகிறவர், கடையில் இருப்பவர், எல்லோருக்கும் அந்தச் சொல் வாயில் நிற்கும். நாம் முன்பின் தெரியாதவர்களை “அம்மா” என்று கூப்பிடுவது மாதிரிதான். முதல் தடவை எனக்கும் காது சூடாகிப்போனது. இப்போது யாராவது சொல்லாவிட்டால்தான், இவருக்கு என்ன கோபம் என்று தோன்றுகிறது.

நான்: பெரியம்மா, அடுத்த பேருந்துக்கு மறுபடி காசு கட்டினீர்களா?

பெரியம்மா: முதலில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே ஒரு கட்டணம்தான். டிரஃபால்கர் சதுக்கத்தில் ஏறும்போது மூன்று இருபது. அந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. ரொக்கத்தை மட்டும் நீட்டக் கூடாது, வாங்க மாட்டார்கள். முதல் வாரம் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டிக்கொண்டு நின்றேன், பின்னால் வரிசையே காத்திருந்தது.

லண்டன் அக்கா: அம்மா, இனிமேல் கிளம்பும்போது லைவ் லொகேஷன் போட்டுவிட்டுப் போ. இந்தக் குழுவிலேயே போடு. நான் அலுவலகத்தில் ஒரு வேலையும் பார்க்க முடியவில்லை.

பெரியம்மா: உன் வயதில் உன்னை இரண்டு பேருந்து மாற்றிப் பள்ளிக்கு அனுப்பினேன். அன்று எந்த லொகேஷன் இருந்தது?

லண்டன் அக்கா: என் வயதில் இல்லை, எனக்குப் பத்து வயதில். போடுகிறாயா இல்லையா?

பெரியம்மா: சரி. பேரனைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

வெள்ளி

அம்மா: அக்கா, நேற்று ஐந்து மணி நேரம் என்னதான் செய்தாய்? பாதிப் பொழுதை மழை வேறு கெடுத்திருக்குமே.

பெரியம்மா: ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா: அவ்வளவுதானா?

பெரியம்மா: அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

மாமா: சிரிக்கத் தயாராக இருக்கிறேன்.

பெரியம்மா: டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கி நார்தம்பர்லண்ட் அவென்யூ வழியாக நடந்தால் தேம்ஸ் கரை வந்துவிடும். அங்கே எகிப்திலிருந்து கொண்டுவந்து 1878-இல் நட்ட ஒரு கல்தூண் இருக்கிறது, கிளியோபாட்ரா ஊசி என்கிறார்கள். அதன் பக்கத்துப் பெஞ்சுகளுக்குக் கைப்பிடி ஓரமாக வார்ப்பிரும்பில் ஒட்டகம், மனிதத் தலையும் சிங்க உடம்புமாக ஸ்ஃபிங்க்ஸ் எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஒரு படி உயரத்தில் வைத்திருப்பதால் கரைச் சுவருக்கு மேலாக ஆறு தெரியும். முழங்காலுக்கு அந்த ஒரு படி கொஞ்சம் வலி, கண்ணுக்கு லாபம். ஒட்டகப் பெஞ்சில் பதினொன்றரைக்கு உட்கார்ந்தேன். தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் புட்டி என் இடது கைப் பக்கமாகப் போனது. கொண்டுபோன சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். தூறல் வந்து குடை விரித்தேன், மூடினேன். ஒன்றரை மணிக்கு ஒரு மரப்பலகை வந்தது. அது வலது பக்கமாகப் போகிறது.

மாமா: அக்கா, கண்ணாடியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பெரியம்மா: சிரிப்பாய் என்று சொன்னேன் அல்லவா.

நான்: மாமா, பெரியம்மா சொல்வது சரி. கடலில் நீர் ஏறும்போது அது தேம்ஸ் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வரும். லண்டனின் தென்மேற்கில் இருக்கும் டெடிங்டன் மதகு வரைக்கும் ஏறும். லண்டன் பாலத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏழு மீட்டர் வரை வருமாம். ஆறு பின்னோக்கித்தான் ஓடியிருக்கிறது.

மாமா: ஏழு மீட்டரா? இரண்டு மாடி உயரமடா!

பெரியம்மா: எனக்கு அதெல்லாம் தெரியாது. பலகை போன திசை தெரியும். இந்த ஊரில் மூன்று மாதம் இருந்தும் இதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் இதுவரை இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை. முதல் மாதம் மாப்பிள்ளை காரில் கூட்டிப்போய்க் காட்டினார். கோபுரம், பாலம், அரண்மனை, படம், ஏறு, இறங்கு. வீட்டுக்கு வந்து படுத்தால் எதைப் பார்த்தோம் என்றே நினைவில் இல்லை.

அத்தை: அண்ணி, தனியாகப் போனால் பயமாக இல்லையா? எனக்கும் மகன் டிக்கெட் போடுகிறேன் என்கிறான். அங்கே போய் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பேனோ என்று யோசனை.

பெரியம்மா: பயம் இருந்தது. நமக்கு ஆங்கிலமும் கொஞ்சம்தான், முழங்காலும் கொஞ்சம்தான். ஆனால் உண்மையான பயம் இரண்டே இரண்டு: உட்கார இடம் கிடைக்குமா, கழிப்பறை கிடைக்குமா. அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஊர் பெரிதாகத் தெரியாது. அருங்காட்சியகம், நூலகம் இரண்டிலும் காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள், இரண்டும் இருக்கும். தெருவில் தேடினால் கிடைக்காது, அடக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்புறம் தூரத்தை நான் மைலில் எண்ணுவதை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து நூலகம் இரண்டு பெஞ்சு. பூங்கா வாசல் ஒரு பெஞ்சு. பார்லிமென்ட் ஹில் உச்சி மூன்று பெஞ்சு, ஆனால் மூன்றும் ஏற்றம்.

மாமா: கூகுள்காரனுக்கு இந்த யோசனையை விற்றுவிடலாம்.

பெரியம்மா: அவனுக்கு முழங்கால் நன்றாக இருக்கும், வாங்க மாட்டான்.

நான்: அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்தீர்கள்?

பெரியம்மா: அங்கே எகிப்து மம்மிகளைப் பார்க்க வந்த கூட்டத்தில் மூச்சுமுட்டியது, உடனே வெளியே வந்துவிட்டேன். நேஷனல் கேலரிதான் எனக்குப் பிடித்தது, கூடங்களின் நடுவில் உட்காரப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அங்கே வான்கா 1888-இல் வரைந்த ஒரு படம். வெறும் நாற்காலி. மேலே புகைக்குழாயும் புகையிலையும் மட்டும். ஆளில்லை. கால் கடுக்க நடந்து வந்தவளுக்கு இப்படி ஒரு நாற்காலியைக் காட்டினால் எப்படி இருக்கும்? சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அம்மா: போன வாரம் ஏதோ கல்வெட்டுப் பூங்கா என்றாயே, அது?

பெரியம்மா: கல்வெட்டு இல்லை, பீங்கான் ஓடு. செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் போஸ்ட்மேன்ஸ் பார்க். அந்தக் காலத்துத் தலைமை அஞ்சலகம் அருகில் இருந்ததால் தபால்காரர்கள் மதியம் வந்து சாப்பிடுவார்களாம், அதனால் அந்தப் பெயர். வாட்ஸ் என்ற ஓவியர் 1900-இல் ஒரு தாழ்வாரம் கட்டி, பிறரைக் காப்பாற்றப் போய் இறந்த சாதாரண ஆட்களின் பெயர்களை ஓட்டில் எழுதி வைத்திருக்கிறார். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஆலிஸ் ஏர்ஸ், கொத்தனாரின் கையாள் ஒருவரின் மகள். 1885-இல் யூனியன் தெருவில் தீப்பிடித்த வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோனாள். இன்னொருவர் தாமஸ் கிரிஃபின். 1899-இல் பேட்டர்ஸியில் சர்க்கரை ஆலைக் கொதிகலன் வெடித்தபோது, கூட்டாளியைத் தேடி மறுபடி உள்ளே போனவர். அப்பா என்ன வேலை செய்தார் என்பதைக்கூட எழுதியிருந்ததுதான் எனக்கு என்னவோ செய்தது. ஒவ்வொரு ஓடாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி கூடப் படித்து முடிக்கவில்லை, மறுபடி போக வேண்டும்.

மாமா: அங்கே பெஞ்சுகளிலும் பெயர் எழுதியிருக்கும் என்று மருமகன் சொன்னாரே?

பெரியம்மா: ஆமாம். ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்கா முழுக்க அப்படித்தான். இறந்தவர் பெயரும், இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்ற ஒரு வரியும். உட்காரும் முன் படித்துப் பார்ப்பேன். அனுமதி கேட்ட மாதிரி இருக்கும்.

மாமா: அத்தான் பெயரிலும் ஒன்று போட்டுவிடலாமா அக்கா? நான் பாதிச் செலவு தருகிறேன்.

பெரியம்மா: உன் அத்தானா? முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பெஞ்சு எதற்கு? வேண்டுமானால் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு அவர் பெயர் வைக்கச் சொல்.

லண்டன் அக்கா: 😂😂 அப்பா நின்றுகொண்டே சாப்பிடுவார்.

அம்மா: சரி, எப்போது திரும்பி வருகிறாய்? அதைச் சொல்லவே மாட்டேன் என்கிறாய்.

பெரியம்மா: விசா ஆறு மாதம். ஜனவரி கடைசியில் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

அம்மா: ஆக வேண்டும் என்கிறாயே தவிர, வர வேண்டும் என்று சொல்லவில்லை.

பெரியம்மா: ஆரம்பத்தில் இங்கே நமக்கு யாரையும் தெரியாதே என்று இரவில் அழுதிருக்கிறேன், உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால், என்னை யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. யாருக்கும் அக்கா இல்லை, அண்ணி இல்லை, சம்பந்தி இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா: கோபமெல்லாம் இல்லை. பொறாமை.

சனி

பெரியம்மா: தம்பி, நினைவு வைத்துக்கொள். இன்று இரவு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். இதுவரை நாலரை மணி நேர வித்தியாசம், நாளையிலிருந்து ஐந்தரை. வழக்கம் போலப் பதினொன்றரைக்குக் கூப்பிடாதே, பன்னிரண்டரைக்குக் கூப்பிடு.

மாமா: இதென்ன, ஊரே சேர்ந்து கடிகாரத்தைத் திருப்புவதா?

நான்: ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசி ஞாயிறு மாமா. மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் தள்ளுவார்கள்.

லண்டன் அக்கா: போன் தானாக மாறிவிடும். அடுப்பங்கரை மைக்ரோவேவ் கடிகாரம் மட்டும் மாறாது, அது எங்கள் வீட்டில் டிசம்பர் வரை பொய் சொல்லும்.

பெரியம்மா: எனக்குக் கவலை மணி இல்லை, வெளிச்சம். நாளையிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். என் உலாவலில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஞாயிறு

பெரியம்மா: ஆறு மணிக்கு எழுப்பிவிட்டாயே, பாவி.

மாமா: மன்னித்துவிடு அக்கா. பழக்கதோஷம், கை தானாகப் போய்விட்டது.

அத்தை: நான் சொன்னேன், கேட்கவில்லை.

லண்டன் அக்கா: அம்மா, எங்கே கிளம்பினாய்? நாங்கள் எழுவதற்குள் செருப்பைக் காணோம்.

பெரியம்மா: ஷூ, செருப்பு இல்லை. பார்லிமென்ட் ஹில்லுக்குப் போகிறேன். மழை இல்லாத ஞாயிறை வீணாக்கக் கூடாது. இதோ, கேட்டாயே, லொகேஷன் போட்டிருக்கிறேன். பேரன் சொல்லிக்கொடுத்தான், எட்டு மணி நேரம் ஓடுமாம்.

நான்: வருகிறது பெரியம்மா. நீலப்புள்ளி நகர்கிறது.

மாமா: நானும் பார்க்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. முதல் பெஞ்சா?

பெரியம்மா: இரண்டாவது.

அத்தை: அங்கிருந்து என்ன தெரியும் அண்ணி?

பெரியம்மா: 98 மீட்டர்தான் உயரம், ஆனால் ஊர் முழுக்கக் காலடியில். நடுவில் செயின்ட் பால் மாடம். அதை மறைத்து வழியில் எதுவும் கட்டக் கூடாது என்று விதியே இருக்கிறதாம், மாப்பிள்ளை சொன்னார். கிழவிகள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு சட்டம்.

லண்டன் அக்கா: காற்று அடிக்கும், காதை மூடிக்கொள்.

மாமா: அக்கா?

மாமா: அக்கா, ஒரு மணி நேரமாகப் புள்ளி நகரவே இல்லையே. ஏதாவது ஆகிவிட்டதா?

அம்மா: நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பெரியம்மா: உட்கார்ந்திருக்கிறேன்டா.