மறு: கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஸ்டன்ஸ்: 'அச்சு' வேண்டாமே

வணக்கம். நிரலாக்கப் பாடங்களில் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஸ்டன்ஸ் ஆகியவற்றுக்கு எந்தத் தமிழ்ச் சொற்களை வைப்பது என்று வந்த மடல்களுக்கு என் பதில் இது. நிரல் கையாளும் எதுவும் ஆப்ஜெக்ட்; ஒரே மாதிரியானவற்றில் என்ன இருக்கும், அவை என்ன செய்யும் என்று எழுதிவைக்கும் வரையறை கிளாஸ்; அதன்படி உருவாகும் ஒவ்வொன்றும் அதன் இன்ஸ்டன்ஸ்.

> கிளாஸுக்கு 'அச்சு' என்று வைத்துவிடலாம், புதிதாகப் படிப்பவர்களுக்கு உடனே பிடிபடும்.

பிடிபடும், ஆனால் இரண்டாவது வாரமே இடறும். வார்த்து எடுத்த பிறகு அச்சுக்கும் வார்த்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிரலில் கதையே வேறு. பைதான் நிரல்மொழியில் 3.0 பதிப்பு (2008) முதல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் உதாரணத்தையும் அப்படியே தருகிறேன். வங்கிக் கணக்குக்கு 'கணக்கு' என்று ஒரு கிளாஸ் ஏற்கெனவே எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க1 = கணக்கு("செல்வி", 500)
க2 = கணக்கு("முருகன்", 1200)

இரண்டும் உருவான பிறகு, போகிற போக்கில் கணக்கு.வட்டி = 4 என்று ஒரு வரி சேருங்கள். இப்போது க1.வட்டி என்று கேட்டாலும் 4, க2.வட்டி என்று கேட்டாலும் 4. தன்னிடம் இல்லாததை அந்தப் பொருள் தன் கிளாஸிடம் போய்க் கேட்கிறது, அதுவும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்புறம் க1.வட்டி = 5 என்று தனியாகக் கொடுத்தால் செல்விக்கு மட்டும் 5, முருகனுக்குப் பழைய 4தான். அச்சு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இதை எப்படி விளக்குவது? 'வார்ப்புரு'வுக்கும் இதே சிக்கல், போதாக்குறைக்கு அது டெம்ப்ளேட்டுக்கு (வகையைப் பின்னால் நிரப்பிக்கொள்ளும் பொதுவான நிரல் வடிவம்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் உள்ள சி++ நிரல்மொழிக்குப் பாடம் எழுதுகிறவர் இரண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடுவார்.

> 'வகுப்பு' என்றால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது, இல்லையென்றால் சாதிச் சான்றிதழ்.

உண்மைதான். ஆனால் பாதிக் குழப்பம் நாம் எடுக்கும் உதாரணத்தால் வருவது. எல்லாப் பாடங்களும் 'மாணவர்' என்றே தொடங்குகின்றன, 'மாணவர் வகுப்பு' என்று எழுதினால் படிப்பவர் கரும்பலகையைத்தான் தேடுவார். கணக்கு, பேருந்து, பயணச்சீட்டு என்று எதையாவது எடுங்கள், 'கணக்கு என்னும் வகுப்பு' என்று எழுதுங்கள் ('கணக்கு வகுப்பு' என்று எழுதினால் மறுபடி பள்ளிக்கூடம்!). 'வகை' இதைவிட நல்ல சொல், ஆனால் தரவு வகை (மதிப்பு எண்ணா, எழுத்தா என்பது) என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆகவே கிளாஸுக்கு வகுப்பே இருக்கட்டும் என்பது என் கட்சி.

நான் உண்மையில் சண்டை போட விரும்புவது இன்ஸ்டன்ஸுக்கு. அதற்கும் ஆப்ஜெக்டுக்கும் சேர்த்து 'பொருள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். பைதானில் வகுப்பும் ஒரு பொருள்தான்; அதை மாறியில் (variable) வைக்கலாம், இன்னொரு செயற்கூறுக்கு (function) அனுப்பலாம். அப்படியென்றால் 'வகுப்பிலிருந்து பொருள் உருவாகிறது' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் வகுப்பும் பொருள்தானே என்று பின்னால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். க1 ஒரு பொருள் என்பது அது என்ன என்று சொல்கிறது; இன்ஸ்டன்ஸ் என்பது அது எதைச் சேர்ந்தது என்று சொல்கிறது. இரண்டாவதற்கு 'உருப்படி' என்பது என் முன்மொழிவு. சலவைக்குப் போடும்போது பன்னிரண்டு உருப்படி என்று எண்ணிக் கொடுக்கிறோமே, அதே சொல்: தனித்தனியாக எண்ணக்கூடியது, ஒவ்வொன்றும் தன் கறையோடு வருவது. 'க1, கணக்கு வகுப்பின் ஓர் உருப்படி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை. (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் null என்பதற்கு 'உருப்படாதது' என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம்.)

ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் வானத்திலிருந்து குதித்தவை போலச் சிலர் எழுதியிருந்தீர்கள். நார்வேயில் டால், நிகார்டு என்ற இரு கணினி அறிஞர்கள் முதலில் செய்த சிமுலா நிரல்மொழியில் கிளாஸும் இல்லை, ஆப்ஜெக்டும் இல்லை. ஆக்டிவிட்டி, பிராசஸ் என்றுதான் இருந்தன. அடுத்து வந்த சிமுலா 67இல்தான் மாற்றினார்கள், கிளாஸ் என்ற சொல்லையும் கணினி அறிஞர் டோனி ஹோர் முன்வைத்த 'ரெக்கார்டு கிளாஸ்' என்ற கருத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களே ஒரு சுற்று மாற்றிப் பார்த்துத்தான் நிலைக்கு வந்திருக்கிறார்கள், நமக்கென்ன அவசரம்?

அடுத்து செல்ஃப், அதாவது வகுப்புக்குள் எழுதும் செயற்கூறு (இதைச் செயல்முறை என்கிறோம்) எந்த உருப்படிக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் பெயர். இதற்குப் பெரிய விவாதமே வேண்டாம், 'தான்'. பைதானில் செல்ஃப் என்பது மொழியே தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல் அல்ல, வெறும் வழக்கம். எந்தப் பெயரும் வைக்கலாம் என்பதால் இந்த வரி அப்படியே ஓடும்:

தான்.இருப்பு = தான்.இருப்பு + தொகை

இது 'போடு(தான், தொகை)' என்று வரையறுத்த செயல்முறைக்குள் இருப்பதாகக் கொண்டால், க1.போடு(200) என்பதும் கணக்கு.போடு(க1, 200) என்பதும் ஒன்றே. முதலாவதைப் பைதான் இரண்டாவதாக்கி எடுத்துக்கொள்கிறது என்று காட்டிவிட்டால், அடைப்புக்குறிக்குள் ஒன்றுதானே கொடுத்தோம், வரையறையில் ஏன் இரண்டு இருக்கிறது என்ற கேள்வி தீர்ந்தது. புதிதாகப் படிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான், வகுப்பா அச்சா என்பதில் அல்ல.

கன்ஸ்ட்ரக்டருக்கு (உருப்படி உருவாகும்போது ஓடும் பகுதி) 'ஆக்கி' என்று பரிந்துரை வந்திருக்கிறது. ஜாவா பாடத்துக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. பைதானில் மட்டும் கொஞ்சம் உதைக்கும், ஏனென்றால் அங்கே கன்ஸ்ட்ரக்டர் என்று சொல்லப்படும் இனிட் (__init__) ஓடத் தொடங்கும்போது உருப்படி ஏற்கெனவே உருவாகிவிட்டது (அதை உருவாக்குவது நியூ, அதாவது __new__ என்ற வேறொரு செயல்முறை), இனிட் செய்வதெல்லாம் தொடக்க மதிப்புகளை நிரப்புவதுதான். அங்கே 'தொடக்கி' என்று போடலாமா? எதிர்ப்பு இருந்தால் வார இறுதிக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பைதான் பாடத்தில் ஏற்றிவிடுகிறேன்.