சுட்ட சோளக்கருதுக்கு மசாலா எப்பத் தடவோணுங்க?

வணக்கமுங்க. ஞாயித்துக்கெழம ஒரம்பரைங்க வர்றாங்க, வெயிலுக்கு கம்மங்கூழும் மோரும் வெச்சு அதுக்குத் தொட்டுக்க மக்காச்சோளக் கருது சுட்டுக் குடுக்கலாம்னு ஆசை. எங்க உடுமலைப் பக்கம் கோழித்தீவனச் சோளந்தான் நெறைய, முத்துனா சுட்டாலும் கடிக்க முடியாது, அதனால பால் புடிச்ச எளங்கருதா காட்டுலயே பறிச்சுக்குவேன். ஸ்வீட் கார்ன் வெறும் இனிப்புங்க, எனக்குப் புடிக்காது.

அடுப்பு தேங்காத்தொட்டிக் கரிதான். வெண்ணெய், மொளகாப்பொடி, உப்பு கலந்து மொதல்லயே தடவுனா மொளகா கருகி கமறுது, சுட்டப்பறம் தடவுனா உள்ள எறங்க மாட்டேங்குது, என்னதான் பண்றதுங்க? தோலோட தண்ணில ஊறப்போட்டுச் சுட்டா மெத்துனு வேகும்ங்கறாங்க, ஆனா அந்தக் கரிவாசம் வருமுங்களா, எவ்வளவு நேரம் ஊறோணும்? 20 பேருக்கு ஒண்ணாச் சூடாக் குடுக்கோணும், பெரியவிங்க பல்லுக்கும் ஆகோணும். செஞ்சு பாத்தவிங்க சொல்லுங்க.