சார்மத் கடற்கரையில் பொறுக்கிய முள்ளெலும்புகள்: வினிகரில் போடலாமா?

கடலோடி:
இங்கிலாந்தின் டோர்செட் கரை. சார்மத்துக்கும் லைம் ரீஜிஸுக்கும் நடுவே, கூழாங்கற்களுக்குள் கிடைத்த மூன்று கறுப்பு வட்டுகள் கையில் இருக்கின்றன. கல்லாகிப்போன முதுகெலும்புத் துண்டுகள்.

ஒன்று 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம், இரண்டு முகமும் நன்றாகக் குழிந்திருக்கிறது. அடுத்தது 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம், முகம் கிட்டத்தட்ட தட்டை, அடியில் அருகருகே இரண்டு சின்னத் துளைகள். மூன்றாவது கறுப்புக் களிப்பாறைத் துண்டில் பாதி புதைந்து கிடக்கிறது. ஓரத்தில் வெள்ளைப் பொடி படர ஆரம்பித்திருக்கிறது.

எது எந்த விலங்கு? பாறையைக் கரைக்க வினிகர் போதுமா? மேலே வார்னிஷ் அடிக்கலாமா? எடுத்து வந்தது சட்டப்படி சரிதானா?

பாறைமொழி:
முதலாவது இக்தியோசார், டைனோசார் காலத்தில் வாழ்ந்த மீன் வடிவக் கடல் ஊர்வன. அகலம் கனத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், இரு பக்கமும் கூம்பாகக் குழி என்றால் சந்தேகமே வேண்டாம். பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்தும் முட்டுகளைப் பாருங்கள்: இரண்டு இருந்தால் உடல்பகுதி, ஒன்றுதான் என்றால் வால். இரண்டாவது பிளீசியோசார், அதே காலத்து இன்னொரு கடல் ஊர்வன. அந்த இரட்டைத் துளைகள்தான் அடையாளம், இரத்தக் குழாய் போன வழி. சார்மத்தில் இக்தியோசார் அளவுக்கு இது கிடைக்காது, பத்திரம்.

வினிகர் வேண்டவே வேண்டாம். எலும்பின் நுண்துளைகளை நிரப்பியிருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அமிலம் பாறையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தின்னும், எலும்பு உதிர்ந்துவிடும். அதோடு களிப்பாறை வினிகரில் கரையவும் கரையாது. அசெட்டிக் அமில (வினிகரில் உள்ள அமிலம்) முறை சுண்ணாம்புக்கல் உருண்டைகளுக்கானது. அதிலும் வெளிப்பட்ட எலும்பைப் பூசிப் பாதுகாத்து, அமிலத்தையும் உப்பையும் நன்றாகக் கழுவத் தெரிந்தவர்கள் செய்வது.

உப்புக்காற்று:
கடல் உப்பை எடுக்காவிட்டால் காய்ந்த பிறகு படிகமாகி மேல்தோலைப் பெயர்த்துவிடும். மூன்றையும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, முதல் வாரம் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நிழலில் மெதுவாகக் காயட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது, விரிசல் விடும்.

பாறைமொழி:
முதல் இரண்டுக்குச் சரி. மூன்றாவதை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். ஈரம் பட்டால் களிப்பாறை உப்பி, ஏடு ஏடாகப் பிரியும்; எலும்பும் அதோடு உடைந்து வரும்.

வெள்ளைப் பொடி வெறும் கடல் உப்பா, பைரைட் சிதைவா என்று முதலில் பாருங்கள். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்; ஈரக்காற்று பட்டால் சிதைந்து அமிலம் விடும். நனைத்த பி.எச். தாளில் (அமிலத்தன்மை காட்டும் தாள்) கொஞ்சம் பொடியைத் தொட்டு வையுங்கள். 3-க்குக் கீழே காட்டினால் பைரைட்தான். நடுநிலை காட்டினால் உடனே நிம்மதி அடைய வேண்டாம்: அந்த அமிலம் கால்சைட்டோடு சேர்ந்து ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். மஞ்சள் சாயல், கந்தக நெடி, புதிய மயிரிழை விரிசல், இந்த மூன்று அறிகுறிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

பைரைட் என்றால், பொடியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி இரண்டையும் வைத்து மூடுங்கள். ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் சிதைவு வேகமெடுக்கும். மற்ற இரண்டையும் அதே டப்பாவில் வைக்காதீர்கள். வெளிவரும் அமிலம் அட்டைப் பெட்டியையும் பெயர்ச்சீட்டையும்கூட அரித்துவிடும்.

வார்னிஷ் வேண்டாம்; மஞ்சளடிக்கும், பிறகு எடுக்க முடியாது. பாரலாய்ட் பி-72 வாங்குங்கள், மணிமணியாக வரும் அக்ரிலிக் பிசின். 100 மி.லி. அசிட்டோனுக்கு 5 கிராம். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து, கண்ணாடிக் குப்பியில் மேல்பக்கம் நனையும்படி தொங்கவிட்டால் ஓரிரவில் கரையும். அடியில் கொட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எலும்பு முழுக்கக் காய்ந்த பிறகே பூச வேண்டும், ஈரம் மிச்சம் இருந்தால் வெள்ளை படரும். சன்னல்களைத் திறந்து, அடுப்புப் பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள். ஒன்று: இந்தப் பூச்சு உதிர்வதைத் தாங்கும், பைரைட்டை நிறுத்தாது. ஈரக்காற்று அதன் வழியாகவும் போகும்.

பிளாக்வென்:
சட்ட விஷயம். லைம் ரீஜிஸிலிருந்து பர்ட்டன் பிராட்ஸ்டாக் வரை மேற்கு டோர்செட் புதைபடிவச் சேகரிப்பு விதிமுறை உண்டு. கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். அனுமதி இல்லாமல் செங்குத்துப் பாறையில் தோண்டக்கூடாது. அறிவியல் முக்கியத்துவம் உள்ளதைச் சார்மத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் பதிய வேண்டும். தனி முள்ளெலும்புகளுக்குப் பதிவு தேவைப்படாது. பிளீசியோசாரை மட்டும் ஒருமுறை அங்கே காட்டிவிடுங்கள்.

மூன்றாவது கிடந்த இடத்துக்கு மறுபடி போவீர்கள் என்றே நினைக்கிறேன். பாறையோடு ஒட்டி வந்திருப்பதால் அதே எலும்புக்கூட்டின் தொடர்ச்சி இருக்க வாய்ப்பு உண்டு. அதே மாதிரிப் பலகைக்கல்லின் ஓரத்தில் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் தெரிந்தால் உளியை எடுக்காதீர்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஜி.பி.எஸ். குறித்து, மையத்துக்குச் சொல்லுங்கள்.

அலை இறங்கும்போது கிளம்பி, திரும்ப ஏறத் தொடங்குமுன் வந்துவிட வேண்டும். உச்ச அலையில் அந்த இடத்தில் கடல் பாறையடியைத் தொடும், ஒதுங்க இடம் கிடையாது. சேற்றுச் சரிவில் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் முழங்கால் வரை இழுக்கும்.

ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, இடம், எந்தச் சரிவின் அடியில் என்று சீட்டு எழுதுங்கள். 19ஆம் நூற்றாண்டில் லைம் ரீஜிஸிலிருந்து அருங்காட்சியகங்களுக்குப் போன பல எலும்புக்கூடுகளுக்கு எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பே இல்லை. இன்றும் அது தலைவலி.

கடலோடி:
பி.எச். தாள் 2 காட்டுகிறது. மூன்றாவதைத் தனி டப்பாவில் போட்டாயிற்று. சிலிக்கா ஜெல்லை எப்போது மாற்றுவது?

பாறைமொழி:
நிறம் மாறும் வகை வாங்குங்கள். நிறம் மாறினாலோ, ஈரப்பதமானி 45-ஐத் தொட்டாலோ எடுத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பநிலையில் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். புதிய பொடி வருகிறதா என்று மாதம் ஒருமுறை டப்பாவைத் திறக்காமலே வெளியிலிருந்து பாருங்கள்.