17 வருடம் கழித்து கோவைக்கே திரும்புகிறோம், அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம், ஜூனில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். வீடியோ காலில் எப்போதும் பாதி நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும், போன வாரம் தற்செயலாகப் போன் சாய்ந்தபோது கன்னத்தில் காயத்தைப் பார்த்தேன், கேட்டால் "ஒண்ணுமில்ல சாமி" என்கிறார். அதோடு முடிவெடுத்துவிட்டோம்.

கம்பெனி ஒரு வருடம் அங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. இந்தியாவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கான சம்பளத்துக்கு அங்கே வரி உண்டு, கிரீன் கார்டு இருப்பதால் இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும், அதுவரை புரிகிறது. 401கே (இங்கே கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீதம் அபராதம் என்பதால் அப்படியே விட்டுவிடலாமா, ஆர்என்ஓஆர் காலத்திலேயே (ஊர் திரும்பிய புதிதில் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் பெரும்பாலும் வரி இல்லாத காலம்) எடுப்பது லாபமா? கோவையில் ஒரு ஆடிட்டருக்குப் போன் போட்டேன், "401கேன்னா என்னங்க சார்?" என்று என்னையே கேட்கிறார். இரண்டு நாட்டுக் கணக்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது கிரீன் கார்டுக்காரர்கள் நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்கான அனுமதி. இங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், தெரியும். கைரேகைக்குக் கூப்பிட உங்களுக்கு எத்தனை வாரம் ஆனது? அதற்குள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டா?

மகள் ஏழாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வடவள்ளி பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் பள்ளி எது? விளம்பரம் வேண்டாம், உங்கள் பிள்ளை படித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.