நான்கு விளக்கு மாட்டினால் நாலு கட்டு வீடும் ஒரே வலையாகிவிடுமா?

பள்ளத்தூர் மின்பணி:
"மேட்டர் முத்திரை உள்ள பூட்டு ஒன்றும் த்ரெட் விளக்கு நான்கும் போதும், நாலு கட்டு வீடும் ஒரே வலைக்குள் வந்துவிடும், ஹப் வேண்டாம், கம்பி வேண்டாம், பாதுகாப்பைப் பற்றிய கவலையும் வேண்டாம்" என்று சிங்கப்பூர் பங்காளி நேற்று இங்கே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நம் ஊர்க்காரர்கள் பலர் எந்த விளக்கு வாங்கலாம் என்று கேட்கத் தொடங்கியிருப்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. மேட்டர் என்பது பல நிறுவனங்களின் வீட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத்தரம்; த்ரெட் அந்தப் பேச்சைச் சுமக்கும் கம்பியில்லா வலை; ஹப் என்பது கருவிகளை இணைக்கும் நடுப்பெட்டி. நான் இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் மின்பணி செய்பவன். முகப்பிலிருந்து பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. த்ரெட் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்களை, அதிலும் ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய சுவர்களை, ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க அந்த அலைக்கு வலு போதாது. தாழ்ந்த அலைவரிசையில் ஓடும் இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையின் கருவிகளுக்கு இந்தியாவில் ஒதுக்கப்பட்டிருப்பது 865.2 மெகாஹெர்ட்ஸ். ஒரே தூரத்துக்கு ஒரே திறனில் அனுப்பினாலும் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 9 டெசிபல் வேறுபாடு இருக்கிறது, அதாவது 2.4இல் வந்து சேர்வது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இது திறந்த வெளிக் கணக்கு. சுவர் குடிப்பது இதற்கு மேல்.

நான்கு விளக்குகள் எந்த நான்கு இடங்களில் தொங்கப்போகின்றன என்று முதலில் சொல்லட்டும்.

சிங்கப்பூர் பங்காளி:
தம்பிக்குச் சுவரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. த்ரெட் என்பது ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குச் செய்தியைக் கைமாற்றிச் செல்லும் வலை. முகப்பில் இருக்கும் விளக்கு நேராக அடுப்படியை எட்ட வேண்டிய தேவையே இல்லை. நம் வீடுகளின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. அலை சுவரைத் துளைக்காமல் முற்றத்தின் வழியாகவே போய்விடும். இங்கே என் அடுக்ககத்தில் எல்லாமே இப்படித்தான் இயங்குகின்றன, ஒரு நாளும் தடைபட்டதில்லை. ஆப்பிளும் அமேசானும் கூகுளும் 2019 டிசம்பரில் கைகோத்து, 2022 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்ட பொதுத்தரம் இந்த மேட்டர். அவர்களுடைய பொறியாளர்களுக்குத் தெரியாதது பள்ளத்தூரில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அதை நம்ப நான் தயாராக இல்லை. நான்கு விளக்கு போதும். மீண்டும் சொல்கிறேன், போதும்.

பள்ளத்தூர் மின்பணி:
அடுக்ககத்துச் சுவரையும் நம் வளவுச் சுவரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவரிடம் அலைவரிசையைப் பற்றி மேலே பேசிப் பயனில்லை. சுவிட்சைப் பற்றிப் பேசுகிறேன். விளக்கு செய்தியைக் கைமாற்ற வேண்டுமானால் அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பூட்டியே கிடக்கும் வீட்டில் பொழுது சாயும்போது வரும் காவல்காரர் முகப்பு விளக்கைச் சுவரில் உள்ள சுவிட்சில் போடுவார், காலையில் அதே சுவிட்சில் அணைப்பார். அணைத்த நொடியில் அந்த விளக்கு வலையிலிருந்து போய்விடும். நான்கில் ஒன்று போனால் மிச்சம் மூன்று. அந்த ஒன்று வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் இருந்தால் பின்கட்டு மொத்தமும் துண்டிக்கப்படும். பூட்டு பேட்டரியில் ஓடுவது. அது அடுத்தவர் செய்தியைச் சுமக்காது, தன் செய்திக்கே பக்கத்தில் மின் இணைப்புள்ள ஒரு கருவியைத் தேடும்.

ஹப் வேண்டாம் என்று எழுதியதும் சரியல்ல. த்ரெட் வலையை வீட்டு இணையத்தோடு சேர்க்க ஒரு பார்டர் ரவுட்டர் கட்டாயம் வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருந்தாலும் திரைக்குள் இருந்தாலும் அது ஹப் செய்யும் வேலைதான். வீட்டுக்குள் மேட்டர் கருவிகள் வெளி இணையம் இல்லாமலே ஒன்றோடொன்று பேசும், அது உண்மை; ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பள்ளத்தூர்க் கதவைத் திறக்க நினைக்கிறவரின் கட்டளை அவர் பயன்படுத்தும் செயலியின் நிறுவனத்துச் சர்வர் வழியாகத்தான் வர வேண்டும். இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் தன் சர்வர்களை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதும், ரிவால்வ் என்ற ஹப்பை 2016 மே மாதத்தில் அதை வாங்கிய நெஸ்ட் செயலிழக்கச் செய்ததும் இத்துறையில் எல்லோரும் அறிந்தவை. சர்வர் நின்ற அன்று நான்கு விளக்கு என்ன செய்யும்?

காரைக்குடி ஆய்வகம்:
மின்னணுவியல் கற்பிப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இருவரும் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வாதிடுகிறீர்கள். மேட்டர் என்பது கருவிகள் பேசும் மொழி. அந்த மொழி வைஃபையிலும் ஓடும், ஈதர்நெட்டிலும் ஓடும், த்ரெட்டிலும் ஓடும். சுவர் தடுப்பது அலையை, மொழியை அல்ல. பாதுகாப்பைப் பொறுத்தவரை மேட்டர் முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் தொழிற்சாலையிலேயே சான்றிதழ் ஒன்று பதிக்கப்படுகிறது. சேர்க்கும்போது அந்தச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்ட பிறகே வலைக்குள் அனுமதி. பழைய ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில், செய்தியைப் பூட்டித் திறக்க எல்லோருக்கும் தெரிந்த பொதுத் திறவுகோல் ஒன்று இருந்தது. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பறக்கும் ட்ரோனிலிருந்து 350 மீட்டர் தொலைவில் இருந்த ஃபிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். அந்த நிறுவனம் பின்னர் அதைச் சரிசெய்தது.

சிங்கப்பூர் பங்காளி:
ஆசிரியருக்கு நன்றி. பாதுகாப்பு உண்டு என்று அவரே சொல்லிவிட்டார். நான்கு விளக்கு போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பள்ளத்தூர் மின்பணி:
அவர் அப்படிச் சொல்லவில்லை. அலையைச் சுவர் தடுக்கும் என்றுதான் அவரும் எழுதியிருக்கிறார்; அதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லி வருகிறேன். மொழியா அலையா என்ற வகுப்பறை விளக்கம் எனக்குத் தேவையில்லை. எந்த விளக்கு எந்தக் கட்டில் என்ற கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

தேவகோட்டை ஆச்சி:
நீங்கள் விளக்கை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், நான் சாவியை எண்ணுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர். கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி, முன்னோருக்கான படைப்பு என்று யாருக்கு எப்போது வீடு வேண்டும் என்பதைக் கலந்து பேசித்தான் திறப்போம். முகப்புக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அன்று தொட்டு எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரு மேட்டர் கருவி ஐந்து ஃபேப்ரிக்குகளை ஏற்றுக்கொண்டால் போதும் என்றுதான் அந்தத் தரத்தில் எழுதியிருக்கிறது என்று என் பேரன் படித்துக் காட்டினான். ஏழு பங்குக்கு ஐந்து இடம் என்றால் மீதி இரண்டு பங்காளிகள் தெருவில் நிற்பதா? பூட்டை வாங்கி முதலில் தன் போனில் சேர்த்தவர் மற்றவர்களைச் சேர்க்க மறுத்தால் எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது? சுவரைப் பற்றியும் அலையைப் பற்றியும் இத்தனை எழுதுகிற தம்பிகள் இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

காரைக்குடி ஆய்வகம்:
ஆச்சி, ஃபேப்ரிக் என்பது ஓர் ஆளைக் குறிப்பதன்று. ஒரு நிறுவனத்தின் செயலியில் அமைக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு ஃபேப்ரிக். அந்த வீட்டுக்குள் ஏழு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை ஆச்சி:
ஒருவர் அமைத்த வீட்டுக்குள் மற்ற ஆறு பேர் விருந்தாளிகளாக வர வேண்டும் என்கிறீர்கள். பங்குரிமை உள்ளவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குள் அப்படி வர மாட்டார்கள். ஏழுக்கு ஐந்து என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

சிங்கப்பூர் பங்காளி:
ஆச்சி வீட்டுப் பங்குச் சிக்கலை இங்கே கொண்டுவர வேண்டாம். மின்பணியாளருக்குக் கம்பி இழுத்தால் கூலி, நான்கு விளக்கு மாட்டினால் கூலி இல்லை. அவர் ஏன் இத்தனை கோபமாக எழுதுகிறார் என்பதை எல்லோரும் புரிந்துகொள்ளட்டும். கேபிள் போடுகிறோம் என்று சொல்லி, முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்குபோலத் தேய்த்த எங்கள் வளவுச் சுவரில் துளை போட்டுவிட்டுப் போனவர்களை நான் மறக்கவில்லை. அந்தப் பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? கம்பி இல்லாத வழி ஒன்று வந்தபோது அதை வரவேற்காமல் இசட்-வேவ், இசட்-வேவ் என்று பழைய பாட்டைப் பாடுவதற்குக் காரணம் கூலியைத் தவிர வேறில்லை.

பள்ளத்தூர் மின்பணி:
அந்தத் துளையை நான் போடவில்லை. போட்டவர் யார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பழியை என் தலையில் வைப்பது அறமன்று. நான் வேலை செய்த வீடுகளில் பூச்சின் மேல் ஆணி அடித்ததே கிடையாது. மேலே ஓடும் மரப்பட்டை வயரிங்கின் தடத்தையும் தாழ்வாரத்து உத்திரத்தையும் ஒட்டியே கேபிளைக் கொண்டுபோவேன். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரை தடையில்லை. கட்டுக்கு ஒரு வைஃபை புள்ளி வைத்தால் சுவரைக் கடக்கும் வேலையே அலைக்கு இல்லை. கூலிக்காக எழுதுகிறேன் என்றார். கூலி வாங்குவது எனக்குப் பெருமைதான்; இந்த வீடுகள் நிற்பதற்கு அந்தக் கூலி வேலையும் ஒரு காரணம்.

இசட்-வேவ் பழைய பாட்டு என்றார். அதன் முந்தைய திறவுகோல் பரிமாற்றத்தில் குறை இருந்ததை 2013இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் 2017 ஏப்ரல் முதல் எஸ்2 என்ற பாதுகாப்பு முறை இல்லாத புதிய கருவிக்குச் சான்றே கிடையாது. பார்டர் ரவுட்டருக்கு வருவோம். இரண்டு நிறுவனங்களின் ரவுட்டர்கள் ஒரே வீட்டில் இருந்தால் அவை தனித்தனி த்ரெட் வலைகளை உண்டாக்கிக்கொண்டு கிடந்தன. ஒரே வலையில் சேர்வதற்கான பொது வழி 2024 செப்டம்பரில் வந்த த்ரெட் 1.4 பதிப்பில்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முன் விற்ற கருவிகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? நான்கு விளக்கும் ஒரே வலையில் நிற்கும் என்பதற்கே உறுதி இல்லாதபோது, நாலு கட்டும் ஒரே வலையில் நிற்கும் என்று எழுதினால் அதை நம்பிப் பணம் போடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இல்லாதபோது, இன்வெர்ட்டர் கிடையாத பூட்டிய வீட்டில் நான்கு விளக்கும் அணைந்துதான் கிடக்கும்.

காரைக்குடி ஆய்வகம்:
மின்தடை வந்தால் இசட்-வேவ் ஹப்பும் அணையும் என்பதைப் பள்ளத்தூர் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். த்ரெட் வலையில் 32 கருவிகள் வரை செய்தியைச் சுமக்கலாம்; இசட்-வேவில் ஒரு செய்தி நான்கு தாவலுக்கு மேல் போகாது. விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டே வலையின் செய்தியையும் சுமக்கும், மின்சாரம் நிரந்தரமாக உள்ள சிறு ரிலேக்களைச் சுவிட்சுப் பெட்டிக்குள் வைத்தால் காவல்காரர் சிக்கலும் தீரும். பாதுகாப்புக்கு முதல் வேலை கேமராவின் கடவுச்சொல்லை மாற்றுவது. 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களைப் பிடித்துத்தான் பெரும் இணையத் தாக்குதல்களை நடத்தியது. இங்கே எழுதிய எவரும் தம் வீட்டுக் கேமராவின் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளத்தூர் மின்பணி:
ஹப்பை இன்வெர்ட்டரில் வைப்பது என் வழக்கம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரிலே வைக்க வேண்டும் என்று நீங்களே சொன்ன பிறகு, நான்கு விளக்கு போதாது என்பது தெளிவாகிவிட்டது.

சிங்கப்பூர் பங்காளி:
ஒன்றும் தெளிவாகவில்லை. மாசிப் படைப்புக்கு ஊருக்கு வருகிறேன். விளக்குகளையும் பூட்டையும் கையோடு கொண்டுவந்து மாட்டுகிறேன். அப்போது முகப்பில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர் மின்பணி:
முகப்பில் நிற்க மாட்டேன். மூன்றாம் கட்டில், அடுப்படிக் கதவை ஒட்டி நிற்பேன். அந்தக் கட்டுக்கு எந்த விளக்கு என்று வருவதற்கு முன் இங்கேயே எழுதிவிடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எழுதும்போது ஏழுக்கு ஐந்து கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.