ஏஜென்டிக் ஸ்டேட்: ஏவல் நிலையா, கருவி நிலையா?

தாளடி: வணக்கம். இளநிலை உளவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதிகாரத்துக்குப் பணிவது பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரமின் ‘ஏஜென்டிக் ஸ்டேட்’டுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-ல் அவர் தொடங்கிய சோதனை தெரிந்ததுதான்: அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல, சோதனைக்கு வந்தவர் ஆய்வாளரின் சொற்படி 15 வோல்ட் 15 வோல்ட்டாகக் கூட்டி ஷாக் கொடுக்கவேண்டும். ஷாக் பொய், அடுத்த அறைக்காரர் சுவரை இடிப்பது நடிப்பு; கொடுப்பவருக்கு இது தெரியாது. 1963 கட்டுரைப்படி 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ‘நான் எங்கே செய்தேன், அவர் சொன்னார்’ என்று பொறுப்பை மேலே இருப்பவர் தலையில் கட்டிவிடும் மனநிலைக்குத்தான் இந்தப் பெயர். ‘முகவர் நிலை’ என்றால் பிள்ளைகளுக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட்தான் நினைவுக்கு வருவார்.

பாலாறு: ‘ஏவல் நிலை’. இதற்கு ஏன் இத்தனை யோசனை?

நன்னூலான்: பொறுங்கள். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா இரண்டும் பொருள். கருத்தாவிலும் ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ ஏவுதற் கருத்தா, ‘தச்சனால் கட்டப்பட்ட கோயில்’ இயற்றுதற் கருத்தா. ஷாக் கொடுத்தவர் இயற்றுதற் கருத்தா. ஆனால் தன்னைக் கருவியாக எண்ணிக்கொள்கிறார். ஆகவே ‘கருவி நிலை’. ‘ஏ’ என்றாலே அம்பு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழியும் அந்த மனநிலைதானே? இனி ஏ, எய், ஏவு மூன்றும் ஒரே வேரா என்றால்...

வகுப்பறை: ஐயா, வேர் பிறகு. ‘ஏவல்’ என்று கரும்பலகையில் எழுதினால் பின்வரிசையிலிருந்து ‘பில்லி, சூனியம்’ என்று குரல் வரும். என் சிக்கல் வேறு. தயங்குகிறவரிடம் சொல்ல ஆய்வாளருக்கு வரிசையாக நான்கு வாசகங்கள். கடைசி வாசகம்தான் அப்பட்டமான கட்டளை: ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்.’ உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009-ல் வெளியிட்ட மறுசோதனையில் அதைக் கேட்கும் கட்டம் வரை போனவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. கட்டளைக்கு ஆடும் கருவி என்றால் அங்கேதானே ஆடியிருக்கவேண்டும்? அறிவியலுக்கு உதவுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் தொடர்ந்தார்கள் என்பது ஹாஸ்லம், ரைக்கர் என்ற உளவியலாளர்கள் இருவரின் வாதம்.

பாலாறு: சிலம்பிலும் அப்படித்தான். கோவலனைப் பார்த்த காவலர்கள் ‘இவன் கொலைப்படு மகன் அலன்’ என்று தயங்குகிறார்கள். மன்னன் ஆணை கையில் இருந்தும் போதவில்லை. களவு நூல் பற்றிப் பொற்கொல்லன் அவ்வளவு பேசவேண்டியிருந்தது.

தாளடி: அருமை, ஆனால் வெள்ளிக்கிழமை! ஹாஸ்லம் அடுத்த பத்தியில் வருகிறார். எனக்கு மில்கிரம் சொன்னதற்குச் சொல் வேண்டும், அவர் சொன்னது சரியா என்ற தீர்ப்பு வேண்டாம். அவர் பக்கமும் தரவு இருக்கிறது. ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் ஆணையிட்டபோது கடைசிவரை போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆய்வாளர்கள் இருவர் முரண்பட்டுப் பேசியபோது ஒருவரும் இல்லை. இன்னொன்றை மறந்துவிட்டேன்: இதற்கு எதிர்ச்சொல்லாக, தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று எண்ணும் மனநிலைக்கு ‘அட்டானமஸ் ஸ்டேட்’ வேறு இருக்கிறது. ‘தன்னாட்சி’ என்றால் மாநில சுயாட்சி மாதிரி ஒலிக்கிறது.

வகுப்பறை: அப்படியானால் சோடியாக வைக்கலாம்: தன்வய நிலை, பிறர்வய நிலை. விளக்கமே தேவைப்படாது.

நன்னூலான்: ‘வயம்’ வடமொழி ‘வசம்’ திரிந்தது என்று பேரகராதிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் ‘வய வலியாகும்’ என்பது தொல்காப்பிய உரியியல். வலிமையிலிருந்து ஆட்பட்ட நிலைக்குப் பொருள் எப்படி நகர்ந்தது என்று...

பாலாறு: வடமொழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா. படிப்பவனுக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.

நன்னூலான்: இப்படித்தான் ‘பஸ்’ஸும் உள்ளே வந்தது.

பாலாறு: வந்து, எல்லாரும் ஏறித்தான் போகிறோம்.

தாளடி: சரி. பிறர்வய நிலைக்கு மூன்று பேர், கருவி நிலைக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் ‘ஏஜென்டிக் ஸ்டேட்’ என்று ஒலிபெயர்த்துப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். நன்றி.

நன்னூலான்: என் மறுப்பைப் பதிவு செய்யவும். பிறர்வயப்பட்டவன் செய்வது தெரியாமல் செய்பவன் போல ஒலிக்கிறது. தாங்கள் என்ன செய்கிறோம் என்பது அந்த 26 பேருக்கும் தெரிந்தே இருந்தது. ‘வய’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.