பச்சைத் தண்ணீர்க் குளியல்: வீடியோவில் சொல்கிற பலன் வேலூர்த் தண்ணீருக்கும் உண்டா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
போன வாரம் கீசர் போய்விட்டது. உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயில் எரிந்துவிட்டதாம். மாற்றுகிற ஆள் வருகிறேன், வருகிறேன் என்கிறார், வந்தபாடில்லை. சரி, இதுதான் சாக்கு என்று பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள். மார்கழி மாதம், காலை ஆறு மணி, மொட்டை மாடி டேங்க் தண்ணீர். முதல் சொம்பு முதுகில் விழுந்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், பக்கத்து போர்ஷன்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

போனைத் திறந்தால் இதைப் பற்றித்தான் வீடியோ. உற்சாகம் தருகிற டோபமின் என்ற ரசாயனம் உடம்பில் இரண்டரை மடங்கு ஏறும், கொழுப்பு கரையும், சளியே பிடிக்காது என்கிறார்கள். இதில் எது நிஜம்? இன்னொரு விஷயம். என்னைப் பார்த்துவிட்டு நைனாவும் 'நாளையிலேர்ந்து நானும்' என்கிறார். வயது 66, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். அம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறார்.

கோட்டை அகழி:
மார்கழியில் கேட்டீர்கள், பிழைத்தீர்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் எங்கள் வீட்டு ஷவரைத் திறந்தால் அந்தத் தண்ணீரில் டிக்காஷனே இறக்கலாம்.

பம்புசெட்:
தம்பி, எனக்கு 58 வயது. வேலை ராணிப்பேட்டையில் லேத் பட்டறை, வளர்ந்தது குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். பதினாறு முறை மாலை போட்டிருக்கிறேன். அதாவது பதினாறு வருஷம், ஒவ்வொரு வருஷமும் ஒரு மண்டலம், விடியற்காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீர். டோபமின் பற்றி எனக்குத் தெரியாது, தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வருஷம் நானும் உங்களை மாதிரிதான். எடுத்த எடுப்பில் ஒரு பக்கெட்டைத் தலையில் கவிழ்த்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருசாமி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி, மொதல்ல கால்ல ஊத்து. அப்புறம் முட்டி, கை, தோள். தலைக்கு ஊத்தும்போது வாய் விட்டு சரணம் சொல்லு." பக்திக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. "சாமியே... சரணம் ஐயப்பா" என்று இழுத்துக் கூப்பிட்டால் மூச்சு முழுக்க வெளியே போகிறது. வெளியே போகிற மூச்சு திக்கென்று நிற்காது. தோலில் குளிர் பட்டதும் உடம்பு தானாக மூச்சை இழுக்கும். அந்தத் திணறல் முதல் அரை நிமிஷம்தான் கடுமை, இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். ஒரு வாரம் விடாமல் குளித்தால் திணறலே பாதியாகிவிடும். எனக்குக் கிடைத்த பலன் அதுதான். பட்டறையில் ஜாப் வீணாகி முதலாளி கத்தும்போதும் அந்த மூச்சு கைகொடுக்கிறது.

இனி தண்ணீர். பட்டறைக்காரன் புத்தி, வீட்டுத் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்திருக்கிறேன். மே மாதம் மூன்று மணிக்கு டேங்க் தண்ணீர் 41 டிகிரி, மார்கழி காலையில் அதே டேங்க் 20. ஆனால் மோட்டார் போட்டதும் போர்வெல்லிலிருந்து நேராக வருகிற தண்ணீர் எந்த மாதமும் 28 பக்கம்தான். மார்கழியில் பம்புசெட் தொட்டியில் ஆவி பறப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சுடுவதில்லை, வெளியே குளிர், அவ்வளவுதான். உங்களுக்கு போர் இருந்தால் நைனா குளிக்கும்போது மோட்டாரைப் போட்டு நேராகப் பிடித்துக் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் குளித்தேன் என்ற பெருமையும் அவருக்கு மிஞ்சும்.

நைட் டியூட்டி அக்கா:
நான் நர்ஸ். முதலில் உங்கள் நைனா விஷயம். சில்லென்ற தண்ணீர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். பி.பி.யும் நாடித்துடிப்பும் சட்டென்று ஏறும். 25 வயதுக்காரருக்கு அது விளையாட்டு. பி.பி. மாத்திரை சாப்பிடுகிற 66 வயதுக்காரருக்கு அப்படி இல்லை, அதுவும் காலையில் பி.பி. தானாகவே ஏறுகிற நேரத்தில். மாத்திரை எழுதிக்கொடுக்கிற டாக்டரைக் கேட்காமல் டேங்க் தண்ணீர் வேண்டாம். பம்புசெட் அண்ணன் சொன்ன வழி நல்ல வழி.

டோபமின் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? செக் நாட்டு ஆராய்ச்சி, 2000-இல் வெளியானது. இளைஞர்களை 14 டிகிரி தண்ணீரில் கழுத்தளவு, ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். நீங்கள் 20 டிகிரியில் பத்து சொம்பு ஊற்றிவிட்டு அதே கணக்கைக் கேட்டால் எப்படி?

சளி விஷயத்தில் நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்று உண்டு, 2016-இல் வெளிவந்தது. 3,018 பேர். ஒரு பகுதியினர் வழக்கம்போல் குளித்தார்கள். மற்றவர்கள் வெந்நீரில் குளித்து, கடைசியில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள், ஒரு மாதம். இவர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை! சளி பிடித்தது, இருந்தும் வேலைக்குப் போனார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை, அதனால் வீரம் காட்டத் தேவையில்லை. பத்து சொம்பில் தொப்பை கரையும் என்பதையெல்லாம் விடுங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கிற வீட்டில் ஹீட்டர் ராடு வேலை இல்லை. சுவிட்சை அணைக்காமல் பக்கெட்டில் விரலை விட்டுப் பார்க்கிறவர்களைப் பற்றி எங்கள் வார்டில் நிறையச் சொல்லலாம், காலையில் வேண்டாம்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் நைனாவுக்கு டேங்க் தண்ணீர் கூடாது என்றுவிட்டார், போர் தண்ணீருக்குத் தலையாட்டினார். காலையில் மோட்டார் போட்டால் மாடியில் அவருக்கு நேராகக் குழாய். தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு 'இது இன்னாடா, வெந்நீர் மாதிரி கீது' என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்குக் காலில் ஆரம்பிக்கிற முறை சரியாக வருகிறது. கீசர்காரரும் வந்து காயிலை மாற்றிவிட்டார், இன்னும் சுவிட்சைப் போடவில்லை. தலைக்கு ஊற்றும்போது சரணம் சொல்கிறேன், முன்பு வந்த சத்தம் இல்லை. பக்கத்து போர்ஷன்காரர் நேற்று படியில் நிறுத்தி, "சாமி, மலைக்கு என்னிக்குக் கெளம்பறீங்க?" என்று கேட்டார்.